ஆங்கிலப் பேச்சில் பன்றி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத் தொடர்களைச் சப்டைட்டிலோடு பார்க்கிறவர்கள், வெளிநாட்டு அலுவலகத்தோடு போனில் பேசுகிறவர்கள், பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறவர்கள் என எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தப் பன்றியிடம் வந்து நிற்பார்கள். அகராதியைப் புரட்டினால் பொருள் கிடைத்துவிடும். அந்தப் பேச்சு எந்தக் கொல்லையிலிருந்து வந்தது, யாரிடம் சொன்னால் சிரிப்பார்கள், யாரிடம் சொன்னால் மனம் புண்படும் என்பது அதில் அவ்வளவாகக் கிடைக்காது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அந்த நினைப்போடுதான் இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

ஆங்கிலத்தில் ஏன் இத்தனை பன்றித் தொடர்கள்?

வீட்டோடு இருந்த விலங்கு, அதனால்தான். இங்கிலாந்துக் கிராமத்து ஏழைக் குடும்பம் வசந்த காலத்தில் சந்தையில் ஒரு குட்டி வாங்கும். உருளைக்கிழங்குத் தோல், மிஞ்சிய கஞ்சி, பாத்திரம் கழுவிய தண்ணீர் என்று அடுப்படியில் மிஞ்சியதெல்லாம் அதற்குத் தீனி. நவம்பர் 11ஆம் தேதி வரும் மார்ட்டின்மஸ் திருநாளை ஒட்டி அதை அடித்து, உப்புக்கண்டம் போட்டு, குளிர்காலம் முழுக்க வைத்துச் சாப்பிடுவார்கள். அயர்லாந்தில் குத்தகை விவசாயிகள் பன்றியை விற்றுத்தான் நிலக்கிழாருக்கு வாடகை கட்டினார்கள். அதனால் அங்கே அதற்கு 'வாடகை கட்டும் கனவான்' என்றே பட்டப்பெயர். 19ஆம் நூற்றாண்டில் சிகாகோவின் பிரம்மாண்டமான இறைச்சிக் கூடங்கள் வந்தபோது, 'கத்தலைத் தவிர பன்றியில் எதையும் வீணாக்குவதில்லை' என்பது அந்தத் தொழிலின் பெருமைப் பேச்சானது.

நம் பழமொழிகளில் மாடும் கழுதையும் நாயும் வந்து நிற்கிற இடத்தில், அவர்களுக்குப் பன்றி நிற்கிறது. 'ஹாக்வாஷ்' என்ற சொல்லையே பாருங்கள். பன்றிக்கு ஊற்றும் கழுநீர் என்பதுதான் அதன் முதல் பொருள். இன்று அமைச்சர் சொன்ன புள்ளிவிவரத்தை எதிர்க்கட்சிக்காரர் 'ஹாக்வாஷ்' என்றால், 'சுத்த உளறல்' என்று பொருள்.

பிக், ஹாக், ஸ்வைன், போர்க்: எதை எங்கே சொல்வது?

பழைய ஆங்கிலத்தில் பொதுச்சொல் 'ஸ்வைன்'தான். 'பிக்' முதலில் குட்டியைக் குறித்தது, பிறகு மொத்த இனத்துக்கும் பெயராகிவிட்டது. இன்று 'ஸ்வைன்' கால்நடை மருத்துவத்திலும் பைபிளிலும் வசவிலும் மிஞ்சியிருக்கிறது. 2009-ல் பரவிய காய்ச்சலுக்கு 'ஸ்வைன் ஃப்ளூ' என்று பெயர் வந்ததும், நாம் பன்றிக் காய்ச்சல் என்று சொன்னதும் நினைவிருக்கும். அந்தப் பெயர் செய்த கேட்டுக்கு அளவில்லை. எகிப்து அரசு தன் நாட்டிலிருந்த ஏறக்குறைய 3 லட்சம் பன்றிகளையும் கொல்ல உத்தரவிட்டது. காய்ச்சலோ மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவிக்கொண்டிருந்தது. கெய்ரோவில் வீட்டுக் குப்பையை அள்ளி, அதில் வரும் உணவுக் கழிவில் பன்றி வளர்த்துப் பிழைத்த குடும்பங்களின் பிழைப்பு போயிற்று, தெருக்களில் குப்பை நாறியது.

'ஹாக்' அமெரிக்காவில் வளர்ந்த பெரிய பன்றி, பிரிட்டனில் இறைச்சிக்காகக் காயடித்து வளர்க்கும் ஆண். அதை வினையாகவும் சொல்வார்கள். கூட்டத்தில் ஒருவரே மைக்கைப் பிடித்துக்கொண்டு விடாமல் பேசினால் அவர் மைக்கை 'ஹாக்' செய்கிறார். இரண்டு தடத்தையும் அடைத்துக்கொண்டு வழிவிடாமல் ஓட்டுகிறவர் 'ரோட் ஹாக்'. பெண் பன்றி 'சோ', ஆண் 'போர்', ஒரே ஈற்றில் பிறந்தவற்றில் நோஞ்சானாக இருக்கும் குட்டி 'ரன்ட்'.

இறைச்சி மட்டும் 'போர்க்'. அது பிரெஞ்சுச் சொல். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின், வளர்த்தவன் பேச்சில் ஸ்வைன், உண்டவன் பேச்சில் போர்க் என்று பிரிந்ததாகச் சொல்வார்கள். 1819-ல் வால்டர் ஸ்காட் எழுதிய 'ஐவன்ஹோ' நாவலில் ஒரு கோமாளி பன்றி மேய்ப்பவனிடம் இதைச் சொல்லும் இடம் புகழ்பெற்றது. கதை அழகானது, அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவினை ஒரே நாளில் வந்ததல்ல. பிரெஞ்சிலிருந்து வந்த இத்தகைய சொற்கள் பல நூற்றாண்டுகள் உயிருள்ள விலங்கையும் குறித்து வந்து, பிறகுதான் சாப்பாட்டு மேசையோடு நின்றன.

'பையிங் எ பிக் இன் எ போக்' என்கிறார்களே, போக் என்றால் என்ன?

சாக்குப்பை. 'பாக்கெட்' என்கிறோமே, அது சின்ன போக்தான்.

சந்தையில் வியாபாரி கட்டிய சாக்கைக் காட்டி, உள்ளே கொழுத்த பன்றிக்குட்டி என்பான். உள்ளே ஏதோ நெளியும். அவிழ்த்துப் பார்க்காமல் காசைக் கொடுத்து வாங்கி வந்தால், வீட்டில் உள்ளிருந்து பூனை குதிக்கும். 16ஆம் நூற்றாண்டில் ஜான் ஹேவுட் தொகுத்த ஆங்கிலப் பழமொழிகளிலேயே இது இருக்கிறது. பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் இன்னும் நேரடியாக, 'சாக்கில் பூனை வாங்குவது' என்றே சொல்கிறார்கள். இரகசியத்தை உளறுவதற்குச் சொல்லும் 'பையிலிருந்து பூனையை வெளியே விடுவது' என்ற தொடரும் இதே ஏமாற்றிலிருந்து வந்தது என்பார்கள், அதற்கு உறுதியான சான்று கிடையாது.

நம் ஊரில் இதற்கு ரொம்பப் பொருத்தமான இடம், வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் மனை வாங்குவது. ஆன்லைனில் படத்தை மட்டும் பார்த்துப் பழைய போனுக்குப் பணம் அனுப்புவதும் அதேதான்.

'பிக்ஸ் மைட் ஃப்ளை' என்று பதில் வந்தால் 'சரி' என்று அர்த்தமா?

நேர்மாறு. 'அதெல்லாம் நடக்கிற காரியமா' என்று பொருள். அமெரிக்கர்கள் 'வென் பிக்ஸ் ஃப்ளை' என்பார்கள். சொல்லும் தொனியை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். மின்னஞ்சலில் வந்தால் தொனி தெரியாது, அதனால் நம்மவர்கள் சிலர் 'மைட்' என்ற சொல்லைப் பார்த்து, 'வாய்ப்பிருக்கிறது போல' என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

'கேட்கிறவன் கேனையனா இருந்தா எருமைமாடு ஏரோப்பிளேன் ஓட்டுமாம்' என்று நாம் சொல்வது இதற்கு உறவுதான். நம்முடையதில் குத்து கேட்பவனுக்கு, அவர்களுடையதில் நடக்கவே நடக்காத காரியத்துக்கு.

உண்மையிலேயே ஒரு பன்றி பறந்தும் இருக்கிறது. 1909-ல், பிரிட்டனின் முன்னோடி விமானிகளில் ஒருவரான மூர்-பிராபசன், கென்ட் பகுதியின் ஷெப்பி தீவில் ஒரு பன்றிக்குட்டியைக் கூடையில் வைத்துத் தன் விமானத்தில் கட்டிக்கொண்டு பறந்தார். கூடையில் தொங்கிய அட்டையில் 'பறந்த முதல் பன்றி நானே' என்று எழுதியிருந்தது. கூடைக்குள்ளிருந்து குட்டி எட்டிப் பார்க்கும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. பழமொழி அதற்கெல்லாம் அசையவில்லை.

'லிப்ஸ்டிக் ஆன் எ பிக்' பெண்களை இழிவாகச் சொல்வதா?

தொடரின் பொருளில் பெண் இல்லை. மோசமான ஒன்றை மேல்பூச்சால் மறைக்கப் பார்ப்பது என்பதுதான் அது. 'விளக்குமாத்துக்குப் பட்டுக்குஞ்சமாம்' என்போமே, கிட்டத்தட்ட அதே. ஓடாத மென்பொருளுக்குப் புதிய நிறமும் லோகோவும் போட்டு வெளியிடும்போது ஐடி அலுவலகங்களில் இதைக் கேட்கலாம்.

ஆனால் யாரைப் பற்றிய பேச்சில் வருகிறது என்பதைப் பார்த்தே சொல்ல வேண்டும். 2008 செப்டம்பரில், அமெரிக்க அதிபர் தேர்தல் பிரசாரத்தில் பராக் ஒபாமா, எதிர்த்தரப்பின் கொள்கைகளைப் பற்றி 'பன்றிக்கு லிப்ஸ்டிக் பூசலாம், அது பன்றிதான்' என்றார். அதற்குச் சில நாள் முன்புதான் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலின், பிள்ளைகளை ஐஸ் ஹாக்கிக்கு அழைத்துப் போகும் தன்னைப் போன்ற தாய்க்கும் பிட்புல் நாய்க்கும் லிப்ஸ்டிக் ஒன்றுதான் வித்தியாசம் என்று மேடையில் சொல்லிக் கைத்தட்டல் வாங்கியிருந்தார். ஒபாமா பேலினைத்தான் பன்றி என்கிறார் என்று அக்கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் தரப்பு கொதித்தது. அதே மெக்கெய்ன் 2007-ல் ஹிலாரி கிளின்டனின் மருத்துவத் திட்டத்தைப் பற்றி இதே தொடரைச் சொல்லியிருந்தார் என்பதும் உடனே வெளிவந்தது. ஒபாமா கொள்கையைத்தான் சொன்னார் என்று நான் நம்புகிறேன். ஆனாலும் லிப்ஸ்டிக் பற்றிய பேச்சு ஊரெங்கும் சுற்றிக்கொண்டிருந்த வாரத்தில் அது எடுக்கவேண்டிய தொடர் அல்ல.

இதற்கு மூத்த அக்கா ஒன்று உண்டு: 'பெண் பன்றியின் காதை வைத்துப் பட்டுப் பை தைக்க முடியாது.' 16ஆம் நூற்றாண்டிலிருந்து சொல்கிறார்கள். 1921-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருந்த ஆர்தர் டி. லிட்டில் என்ற ஆய்வு நிறுவனம் இதைப் பொய்யாக்கியே தீருவது என்று இறங்கியது. சிகாகோவிலிருந்து பன்றிக் காது தருவித்து, அதைக் காய்ச்சிப் பசையாக்கி, மெல்லிய துளைகள் வழியே இழையாக இழுத்து, கடினப்படுத்தி, சாயமேற்றி, நெய்து, நிஜமாகவே ஒரு பையைச் செய்து காட்டினார்கள். வேதியியலால் ஆகாதது இல்லை என்று உலகுக்குக் காட்ட அவர்கள் எடுத்த சிரமம் எனக்கு மிகவும் பிடித்த கதை.

'ஸ்வெட்டிங் லைக் எ பிக்': பன்றிக்கு நிஜமாகவே அவ்வளவு வியர்க்குமா?

வியர்க்காது. உடம்பைக் குளிரவைக்கும் அளவுக்குப் பன்றிக்கு வியர்வை வராது. அதனால்தான் வெயிலில் சேற்றில் புரள்கிறது. சேறு மெல்லக் காய்வதால் வெறும் தண்ணீரைவிட அதிக நேரம் குளிர்ச்சி தரும். அழுக்கு என்று நாம் பார்ப்பது அதற்கு உயிர் காக்கும் காரியம். நிழலும் இடமும் கொடுத்தால், படுக்கும் இடத்தைவிட்டுத் தள்ளிப்போய்த்தான் கழிக்கும்.

உலையில் உருக்கி எடுக்கும் கச்சா இரும்பைப் 'பிக் அயர்ன்' என்பதால் அதிலிருந்து இந்தத் தொடர் வந்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் விளக்கத்தை நம்ப வேண்டாம். பிக் அயர்னின் பெயர்க்காரணம் மட்டும் உண்மை. உருகிய இரும்பு மணலில் வெட்டிய ஒரு பெரிய வாய்க்காலில் ஓடி, பக்கத்திலுள்ள சிறு குழிகளில் நிறையும். மேலிருந்து பார்த்தால் தாய்ப்பன்றியிடம் குட்டிகள் வரிசையாகப் பால் குடிப்பதுபோல் இருக்கும். பெரிய வாய்க்காலுக்கு 'சோ', குழிகளுக்கு 'பிக்'.

ஒருவரைப் 'பிக்' என்று சொன்னால் எவ்வளவு கோபப்படுவார்கள்?

யார், யாரை, எந்தக் குரலில் என்பதைப் பொறுத்தது. நம்மிடமும் தங்கை அண்ணனை 'போடா பன்னி' என்பாள், அவன் சிரித்துக்கொண்டே போவான். அதையே தெருவில் வேற்றாள் சொன்னால் கைகலப்பு. ஆங்கிலத்திலும் அப்படியே. கடைசி கேக் துண்டையும் எடுத்த பிள்ளையை 'யூ கிரீடி லிட்டில் பிக்' என்று தாய் செல்லமாகச் சொல்வாள். 'ஐ பிக்டு அவுட்' என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்வதும் சாதாரணம், வயிறு முட்டத் தின்றேன் என்று பொருள். உடம்பு பருமனாக இருப்பவரைச் சொன்னால் அது கொடுமை, அதற்கு மன்னிப்பே கிடையாது.

'பிக்-ஹெடட்' என்பது பிடிவாதக்காரர், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவர். அலுவலகத்தில் முகத்துக்கு நேரே சொல்லாதீர்கள், 'ஸ்டபர்ன்' போதும். 'மேல் ஷாவனிஸ்ட் பிக்' 1970-களின் பெண்ணுரிமை இயக்கத்தோடு பரவிய வசவு, பெண்ணைத் தாழ்வாக நடத்தும் ஆணுக்கு. 'ஸ்வைன்' பழைய கால வசவு, ஆனால் 'பிக்'கைவிட ஆழமாகக் குத்தும்.

போலீஸைப் 'பிக்' என்பது 1960-களின் அமெரிக்காவில் பிறந்தது என்று நினைக்கிறவர்கள் அதிகம். 1811-ல் லண்டனில் வெளியான கொச்சைச்சொல் அகராதியிலேயே அந்தப் பொருள் இருக்கிறது. 1968-ல் சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாட்டின்போது, வியட்நாம் போரை எதிர்த்த 'யிப்பி' இளைஞர்கள் 'பிகாசஸ்' என்ற நிஜப் பன்றியையே அதிபர் வேட்பாளராக அறிவித்தார்கள். போலீஸ் அவர்களையும் பன்றியையும் சேர்த்தே பிடித்துக்கொண்டு போனது. வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் போலீஸ் காதுபட இதைச் சொல்வது வீண் வம்பு.

முஸ்லிம்களுக்கும் யூதர்களுக்கும் பன்றி விலக்கப்பட்ட உணவு. அவர்களை நோக்கி விளையாட்டுக்குக்கூட இந்த வசவு வேண்டாம். 'பிக் இன் எ போக்' போன்ற பழமொழிகள் வேறு, அவற்றை யாரும் தவறாக எடுப்பதில்லை.

'உன் அறை பிக்ஸ்டை மாதிரி இருக்கு': இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

'ரூமா இது, குப்பைத்தொட்டி!' என்று நம் வீட்டில் வழக்கமாகக் கேட்பதே போதும். மொழிபெயர்க்கிறவர்கள் கவனிக்க: தமிழ்நாட்டில் பன்றி வளர்ப்பு சில சமூகங்களின் மேல் சுமத்தப்பட்ட இழிவோடு பிணைந்திருக்கிறது. ஆங்கிலத்தில் சாதாரணமாக ஒலிப்பதை அப்படியே 'பன்றிக்கொட்டில்' என்று இறக்கினால் அங்கே இல்லாத ஒரு நஞ்சு இங்கே சேர்ந்துவிடும்.

பன்றிகளுக்கு முன் முத்து?

பைபிள், மத்தேயு 7:6. தமிழ் பைபிளில் 'உங்கள் முத்துக்களைப் பன்றிகள்முன் போடாதேயுங்கள்' என்று வரும். அன்றாடப் பேச்சில் 'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை' என்று போட்டால் கச்சிதம்.

கினிப் பிக், பிக்கிபேக், பிக்கி பேங்க்: இவற்றுக்கும் பன்றிக்கும் என்ன சம்பந்தம்?

கினிப் பிக் பன்றியுமல்ல, கினி நாட்டதுமல்ல. தென் அமெரிக்காவின் ஆண்டஸ் மலைப்பகுதியில் மனிதர் வளர்த்த கொறிவிலங்கு. ஆய்வுக்கூடத்தில் அதிகம் பயன்பட்டதால், சோதனைக்கு ஆளாகும் எவருக்கும் அந்தப் பெயர். தமிழில் 'சோதனை எலி'.

பிக்கிபேக்கில் பன்றியே கிடையாது. 'பிக்-எ-பேக்' என்று மூட்டை சுமப்பதைக் குறித்த பழைய தொடர், காதில் விழுந்த வாக்கில் பன்றியாகிவிட்டது. நாம் உப்பு மூட்டை என்கிறோம். இரண்டு மொழியிலும் பிள்ளை மூட்டையானது அழகான ஒற்றுமை.

முள்ளம்பன்றி இன்னொரு ஒற்றுமை. ஆங்கிலத்தின் 'போர்க்குப்பைன்' பழைய பிரெஞ்சில் 'முள் பன்றி'. அதுவும் பன்றி இனம் இல்லை. வேலியோரம் திரியும் 'ஹெட்ஜ்ஹாக்'கும் அப்படித்தான்.

பிக்கி பேங்கைப் பற்றி, 'பிக்' என்ற களிமண்ணில் செய்ததால் அந்தப் பெயர் என்று பல இடங்களில் படிப்பீர்கள். அதற்குச் சான்று வலுவாக இல்லை. ஆனால் ஜாவாவில் மஜாபாகித் பேரரசுக் காலத்தில், 14, 15ஆம் நூற்றாண்டுகளில், சுட்ட மண்ணில் செய்த பன்றி உண்டியல்கள் நிஜமாகவே கிடைத்திருக்கின்றன. இந்தோனேசிய மொழியில் உண்டியலுக்கு 'செலெங்கான்' என்று பெயர். 'செலெங்' என்றால் காட்டுப்பன்றி.

'பிரிங் ஹோம் தி பேக்கன்' என்றால் சம்பாதிப்பதா?

ஆமாம், குடும்பத்துக்குச் சோறு போடுவது, அல்லது போட்டியில் ஜெயித்து வருவது. எஸெக்ஸ் பகுதியின் டன்மோ ஊரில், ஒரு வருடமும் ஒரு நாளும் கல்யாணத்தை நினைத்து வருந்தாமல் வாழ்ந்த தம்பதிக்கு உப்பிட்ட பன்றி விலாவை, அதாவது பேக்கனைப் பரிசளிக்கும் பழைய வழக்கம் உண்டு. இப்போதும் லீப் வருடங்களில் நடக்கிறது. தொடர் அங்கிருந்து வந்தது என்பார்கள். அது பிரபலமானது 1906-ல், நெவாடாவின் கோல்ட்ஃபீல்டில் கறுப்பின குத்துச்சண்டை வீரர் ஜோ கான்ஸ் மோதியபோது, அவருடைய தாய் இந்தச் சொற்களோடு தந்தி அனுப்பியதால். கான்ஸ் வென்றார்.

'சேவ் யுவர் பேக்கன்' என்பது தலை தப்புவது. 'போர்க் பேரல்' என்பது அமெரிக்க அரசியலில், தன் தொகுதிக்காரரைக் குளிர்விக்க அரசுப் பணத்தில் பாலமும் கட்டடமும் கட்டுவது. 'பிக்ஸ் இன் பிளாங்கெட்ஸ்' பிரிட்டனில் கிறிஸ்துமஸ் சாப்பாடு, பேக்கன் சுற்றிய சின்ன சாசேஜ். அமெரிக்காவில் அதே பெயரில் கேட்டால் மாவில் சுற்றித் தருவார்கள்.

குழந்தைகள் பாட்டில் வரும் பிக்கி?

'திஸ் லிட்டில் பிக்கி வென்ட் டு மார்க்கெட்' என்று கட்டைவிரலில் தொடங்கி, ஒவ்வொரு கால்விரலாகப் பிடித்துச் சொல்லி, சுண்டுவிரல் வந்ததும் கிச்சுகிச்சு மூட்டுவார்கள். நமக்கு 'நண்டூருது நரியூருது'. அதனால் குழந்தையின் கால்விரல்களுக்கே 'பிக்கீஸ்' என்று செல்லப்பெயர்.

'பிக் லாட்டின்' பிள்ளைகளின் இரகசிய மொழி. முதல் மெய்யொலியைக் கடைசிக்குத் தள்ளி 'ஏ' சேர்க்க வேண்டும். 'பிக்' என்பது 'இக்பே' ஆகும். நம் பிள்ளைகள் ஒவ்வொரு எழுத்துக்கும் முன் 'க' போட்டு 'கவா கடா' என்று பேசுவதுபோலத்தான்.

வளைகுடாவில் எண்ணெய்க் குழாய் வேலைக்குப் போகிறேன். அங்கே 'பிக் லாஞ்சர்' என்கிறார்களாமே?

குழாய்க்குள் அனுப்பும் சுத்தம் செய்யும் கருவிக்கு 'பிக்' என்று பெயர். எண்ணெயின் அழுத்தமே அதைத் தள்ளிக்கொண்டு போகும். போகிற வழியில் சுவரில் படிந்த மெழுகைச் சுரண்டும். செலுத்தும் இடம் லாஞ்சர், வெளியே எடுக்கும் இடம் ரிசீவர். குழாய்ச் சுவரின் தடிமனையும் அரிப்பையும் அளக்கும் வகை 'ஸ்மார்ட் பிக்'. தயங்காமல் சொல்லலாம், வேலைத்தளத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பங்குச்சந்தையில் சொல்லும் பன்றி எது?

காளைக்கும் கரடிக்கும் பணம் கிடைக்கும், பன்றி வெட்டுப்படும் என்பது வால் ஸ்ட்ரீட் பழமொழி. விலை ஏறும் என்று வாங்குகிறவர் காளை, இறங்கும் என்று விற்கிறவர் கரடி. லாபம் வந்தபிறகும் போதும் என்று எழாதவர் பன்றி.

சைபர் மோசடிச் செய்திகளில் வரும் 'பிக் புட்ச்சரிங்' என்ன?

சீன மொழியிலிருந்து அப்படியே மொழிபெயர்த்து வந்த தொடர். தவறி வந்ததுபோல் ஒரு வாட்ஸ்அப் செய்தியில் தொடங்கி, வாரக்கணக்கில் நட்பாக, காதலாகப் பேசி, போலி முதலீட்டுச் செயலியில் பணம் போடவைத்து, மொத்தமாகச் சுருட்டுவது. பன்றியைக் கொழுக்கவைத்து வெட்டுவதுபோல் என்பது மோசடிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது. கம்போடியா, மியான்மர் பக்கம் நடக்கும் இந்த மோசடி முகாம்களுக்குத் தமிழ்நாட்டு இளைஞர்களும் டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போய்ச் சிக்கியிருக்கிறார்கள். அடித்து உட்காரவைத்து மோசடி செய்யச் சொல்கிறார்கள்.

இந்தப் பெயரை நாம் சொல்ல வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். பணத்தையும் மனதையும் இழந்த ஒருவரைப் பன்றி என்று அழைத்தால், அவர் வெட்கப்பட்டுப் புகார் கொடுக்கவே வரமாட்டார். இன்டர்போல் 2024 டிசம்பரில் இதே காரணத்தைச் சொல்லி, 'ரொமான்ஸ் பெய்ட்டிங்' என்று மாற்றிச் சொல்லும்படி கேட்டுக்கொண்டது. தமிழில் 'காதல் வலை மோசடி' எனலாம். இந்தியாவில் பணம் போனது தெரிந்த உடனே அழைக்க வேண்டிய எண் 1930. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம்.